பதினெட்டு வயது வரை பாவம்

வண்டூர் படகுத்துறையில் பையைத் திறந்து காட்டாமல் ஜாலி பாய் தீவுக்குப் படகேற முடியாது. பிளாஸ்டிக் உறை, பாட்டில், பிஸ்கட் பொட்டலம் எதுவும் அந்தத் தீவுக்குள் போகக் கூடாது. சுற்றுலாப் பயணி, வாத்தியார், எட்டாம் வகுப்புப் பிள்ளை என்று அந்த விதி ஆள் பார்ப்பதில்லை. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்தச் சிற்றூர்தான் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாசல். 1983இல் அமைந்தது, 15 தீவுகள், 281.5 சதுர கிலோமீட்டர். பவளப்பாறைக்கு எது கெடுதலோ அது எல்லோருக்கும் விலக்கு. வண்டூர்ப் பிள்ளைகள் இதைப் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை, படகுத்துறைக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம்.

அதே பிள்ளை பெட்டிக்கடையில் பார்க்கும் விதி வேறு மாதிரியானது. சிகரெட்டும் பீடியும் அங்கே பதினெட்டு வயது ஆனவருக்கு உண்டு, ஆகாதவருக்கு இல்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பதும் அதே சட்டம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது. சிறாருக்குப் புகையிலை கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் தடை செய்யப்பட்ட பொது இடத்தில் நின்று பெரியவர் ஒருவர் புகைத்தால் அபராதம் இருநூறு ரூபாய். அதையும் யாராவது வாங்கிப் பார்த்ததுண்டா என்பது தனிக் கதை.

ஒரு செயல் தீது என்றால் அது எல்லோருக்கும் தீதாகத்தானே இருக்க வேண்டும்? பதினேழு வயது முன்னூற்று அறுபத்து நான்கு நாளில் பாவமாக இருந்தது, மறுநாள் காலையில் உரிமையாகிவிடுமா? பள்ளிப் பிள்ளைகள் புகைப்பதைப் பற்றிப் பேசும்போது நுரையீரல், புற்றுநோய், ஒழுக்கம் என்று எல்லாம் பேசுகிறோம். பிள்ளைகள் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை.

நிலவரம் சிறியதல்ல. இந்தியா முழுவதும் பள்ளிகளில் 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயதுள்ள மாணவரில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதைவிட உறுத்துவது தொடங்கிய வயது. சிகரெட் பிடித்த பிள்ளைகளில் 38 சதவீதம் பேரும், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதம் பேரும் பத்து வயது நிறைவதற்கு முன்பே முதல் இழுப்பை இழுத்துவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு யாரும் தனியாக விளம்பரம் காட்டுவதில்லை. வீட்டுத் திண்ணையே போதும். அந்தமான் நிக்கோபாரில் திண்ணை எப்படி இருக்கிறது என்பதை 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோரும், பெண்களில் பத்தில் மூன்று பேர் போலவும் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். வங்காளி, தமிழர், தெலுங்கர், ராஞ்சிக்காரர், நிக்கோபாரி என்று பல வகை மக்கள் கூடி வாழும் தீவுகளில் எல்லோருக்கும் பொதுவான பொருள்களைத் தேடினால் இந்த இலையும் அகப்படும் என்பது வருத்தமான வேடிக்கை.

பூங்காவுக்குப் பெயர் தந்தவரும் பள்ளி நாட்களில் புகைத்தவர்தான். 'சத்திய சோதனை'யில் காந்தி இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. கூட்டாளி ஓர் உறவினர். சிற்றப்பா புகைப்பதைப் பார்த்து ஆசை. கையில் காசில்லை. சிற்றப்பா எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தார்கள். துண்டு எப்போதும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் போதிய புகை வரவில்லை. வேலைக்காரரின் சில்லறைக் காசைத் திருடி பீடி வாங்கினார்கள். வாங்கியதை எங்கே ஒளித்துவைப்பது என்பது அடுத்த கவலை. ஏதோ ஒரு செடியின் தண்டு துளையுள்ளது, அதையும் புகைக்கலாம் என்று கேள்விப்பட்டு அதையும் பிடித்துப் பார்த்தார்கள்.

சுவையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் புகழ்ந்து சொல்லவில்லை. வாயிலிருந்து புகை விடுவதில் ஏதோ இன்பம் இருப்பதாக நினைத்துக்கொண்டோம் என்பதோடு சரி. உண்மையில் உறுத்தியது வேறு. பெரியவர்கள் அனுமதி இல்லாமல் எதையும் செய்ய முடியவில்லையே என்ற ஆத்திரம்! அந்த ஆத்திரம் முற்றி, உயிரையே விட்டுவிடலாம் என்று இரண்டு பிள்ளைகளும் கோயில் வரை போனார்கள். போன இடத்தில் துணிவு தளர்ந்தது. சுதந்திரம் இல்லாவிட்டால் போகட்டும், பொறுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினார்கள். துண்டு பொறுக்குவதும் காசு திருடுவதும் அத்தோடு நின்றன.

பிற்காலத்தில் ஒரு தேசத்துக்கே சுயராஜ்யம் கேட்டவர், தன் முதல் சுயராஜ்யக் கோரிக்கையை ஒரு பீடித் துண்டில் வைத்திருந்தார். இது சிரிப்பதற்காகச் சொல்வதல்ல. பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் 'தம்' அடிக்கும் பையனின் மனத்தை இத்தனை துல்லியமாகச் சொன்ன இன்னொரு பக்கம் கிடைப்பது கடினம். அவன் தேடுவது புகையிலையை அல்ல, பெரியவனாகும் பட்டத்தை. அந்தப் பட்டத்தைப் புகையிலையோடு கட்டிவைத்திருப்பது நாம். 'உனக்கு இன்னும் வயசாகல' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகுகிறது.

மதங்களிடம் போனால் பதில் கிடைக்குமா? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். புகையிலையை அவர் அறிய வாய்ப்பில்லை. அமெரிக்கக் கண்டத்து இலை அது, போர்த்துகீசியர் கப்பலேறிய பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. வந்த பிறகு தமிழர் அதற்குக் கொடுத்த வரவேற்பு அசாத்தியமானது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதனுப்பி 'புகையிலை விடு தூது' பாடினார், உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். சுடலைமாடன், கருப்பசாமி, முனியாண்டி படையல்களில் சுருட்டு இல்லாவிட்டால் படையல் நிறையாது. கடல் தாண்டிப் போன தமிழர் மலேசியாவில் முனீஸ்வரனுக்கும் சுருட்டு கொளுத்தி வைத்தார்கள். சாமிக்கு உண்டு, சாமியாடிக்கு உண்டு, பேரன் தொட்டால் மட்டும் பிரம்படி. பேரன் குழம்பாமல் என்ன செய்வான்?

கிறித்துவத்திலும் ஒரே குரல் இல்லை. 1642இல் போப் எட்டாம் அர்பன், செவில் மறைமாவட்டத் தேவாலயங்களுக்குள் புகையிலை பயன்படுத்துவோரைச் சபை நீக்கம் செய்வதாக ஆணையிட்டார். 1874இல் லண்டனின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கி ஸ்பர்ஜன், தன் மேடையிலேயே விருந்தினர் ஒருவர் சுருட்டைப் பாவமென்று பேசியதைக் கேட்டு எழுந்து, தான் அன்றிரவு தேவனுக்கு மகிமையாகவே ஒரு சுருட்டுப் பிடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதைச் சேர்க்க யாருக்கும் அதிகாரமில்லை என்பது அவர் கட்சி. வாத்திகன் தன் எல்லைக்குள் சிகரெட் விற்பதை நிறுத்தியது 2018இல்தான்.

இதில் தடுமாறாதவர்கள் சீக்கியர். கால்சா என்ற தீட்சை பெற்றோர் சபையில் சேர்ந்தவருக்குப் புகையிலை அறவே கூடாது. வயதுக் கணக்கோ, ஆண் பெண் வேறுபாடோ, தேவாலயத்துக்கு உள்ளே வெளியே என்ற பிரிவோ கிடையாது. ஜாலி பாய் விதியைப் போன்றது இது.

இஸ்லாமிய உலகத்தில் நடந்த விவாதம்தான் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. அதுவும் நிக்கோபாருக்கு அடுத்த பெரிய தீவில். கிரேட் நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமத்ரா ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அந்தச் சுமத்ராவின் பாடாங் பாஞ்சாங் நகரில் 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமாக்கள் பேரவை கூடியது. புகைப்பது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது மட்டும்தானா, ஹராமே, அதாவது அறவே விலக்கப்பட்டதே தானா என்று வாதாடினார்கள். முடிவு இது: சிறுவர்களுக்கு ஹராம், கர்ப்பிணிகளுக்கு ஹராம், பொது இடத்தில் ஹராம். மற்றவர்களைப் பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. ஏழை உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் பெருமளவில் கிராம்புச் சிகரெட்டை நம்பிப் பிழைக்கும் நாடு, அதனால் இந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. அடுத்த ஆண்டே இன்னொரு இஸ்லாமிய அமைப்பான முகம்மதியா தனி ஃபத்வா வெளியிட்டது. தன்னைத் தானே அழித்துக்கொள்வது கூடாது என்றால் அது எந்த வயதிலும் கூடாது, ஆகவே எல்லோருக்கும் ஹராம் என்றது.

பேரவை சொன்னது நடைமுறைக்கு ஒத்தது. முகம்மதியா சொன்னது தர்க்கத்துக்கு ஒத்தது. பன்னிரண்டு வயதுப் பையனிடம் போய்ச் சொல்வதற்கு எது ஒத்தது என்றால், முகம்மதியாவின் பதில்தான். 'உனக்கு ஹராம், எனக்கு யோசிக்க வேண்டும்' என்று சொல்லும் தகப்பனைப் பிள்ளை நம்பாது.

மறுபக்க வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தன்னை மட்டும் பாதிக்கும் விஷயத்தில் வயது வந்தவரைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமை இல்லை என்று 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். தனிமனிதச் சுதந்திரம் பற்றிப் பேசுவோர் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பிள்ளைகளை அந்த உரிமைக்கு வெளியே வைத்தார் மில். தீர யோசிக்கும் அறிவு முதிரவில்லை என்பது காரணம். இதில் நியாயம் உண்டு. மனித மூளையில் ஆசையை அடக்கி விளைவை எண்ணிப் பார்க்கும் முன்பகுதி முதிர்ந்து முடிய இருபத்தைந்து வயது வரை ஆகும். உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையைத் தொட்டுவிடுகிறது. பதின்மூன்று வயதில் தொட்டவனை அது நாற்பது வயதுக்காரனைவிட எளிதில் பிடித்துக்கொள்கிறது. சிறுவன் இன்று எடுக்கும் முடிவை நாற்பது வயதில் சுமக்கப்போகிறவன் வேறொருவன், அவனிடம் யாரும் கேட்கவில்லை. வயது வரம்புக்குச் சொல்லக்கூடிய ஆகச் சிறந்த நியாயம் இது.

ஆனால் மில் பிள்ளைகளோடு நிறுத்தவில்லை. அதே பத்தியில், இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்கும் இந்தச் சுதந்திரம் பொருந்தாது, அவர்களுக்குக் காப்பாளர் தேவை என்றார். மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து 1858இல்தான் வெளியே வந்தவர். அதே 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பு தொடங்கியது. அடுத்து நடந்தது அந்தமானில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வரலாறு. 1863இல் ராஸ் தீவில் பாதிரியார் கார்பின் முதல் 'அந்தமான் இல்ல'த்தை அமைத்தார். பூர்வகுடிகளை ஈர்த்துப் பழக்கி நாகரிகப்படுத்துவதற்காக அது. அதற்கு முன் அந்த மக்களுக்குப் புகையிலை தெரியாது. காப்பாளர்கள் உணவோடு புகையிலையையும் கொடுத்தார்கள். பழகிய பிறகு புகையிலைக்காகவே குடியிருப்பை நாடவேண்டிய நிலை வந்தது. யாரையும் நம்பாமல் காட்டிலும் கடலிலும் வாழ்ந்தவர்களுக்கு முதன்முறையாக ஒரு பொருள் வேண்டியிருந்தது, அந்தப் பொருள் அந்நியர் கையில் மட்டும் இருந்தது. பெரிய அந்தமானியர் அழிந்ததற்குத் தொற்றுநோய்களே முதற்காரணம்; 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். புகையிலை அவர்களைக் கொன்றது என்று யாரும் சொல்ல முடியாது. சுதந்திரம் கைமாறிய விதத்தில் அதற்குப் பங்கு உண்டு. பூர்வகுடிகளான ஜாரவாக்களின் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்ற இந்தக் காலத்திலும், வெளியாட்கள் அந்த மக்களுக்குப் புகையிலை கொடுத்துப் பழக்கியதாகச் செய்திகள் வந்தபடிதான் இருக்கின்றன.

தேவையை உண்டாக்கி ஆளைக் கட்டிப்போடுவது பழங்கதை இல்லை. அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்களின் உள் ஆவணங்கள் நீதிமன்றங்கள் வழியாக வெளியே வந்தபோது, 1981இல் ஒரு நிறுவனத்தின் அறிக்கை இன்றைய பதின்வயதினரையே நாளைய நிரந்தர வாடிக்கையாளர்களாகக் கணக்கிட்டிருந்தது தெரிந்தது. 1984இல் இன்னொரு நிறுவனம், செத்தும் விட்டும் போகிறவர்களின் இடத்தை நிரப்ப இளவயதினரை விட்டால் வேறு ஆளில்லை என்று எழுதிவைத்திருந்தது. தமிழ்நாட்டில் சிகரெட்டைச் சுண்டிப் பிடித்த கதாநாயகர்களைப் பார்த்து ஒரு தலைமுறை வளர்ந்தது. 2002இல் 'பாபா' படத்தை எதிர்த்து நடந்த சண்டையும், பின்னர் மத்திய சுகாதார அமைச்சரான அன்புமணி திரையில் புகைப்பதற்கு எதிராகக் கொண்டுவந்த விதிகளும் பலருக்கு நினைவிருக்கும். இப்போது புகைகூட வேண்டாம்; உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் 'கூல் லிப்' பொட்டலங்கள் பள்ளிப் பைகளில் புழங்குவதைப் பார்த்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நாடு முழுவதும் இதை ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. வாசனை வராது, வாத்தியாருக்குத் தெரியாது. காந்தியும் அவர் கூட்டாளியும் பட்ட ஒளித்துவைக்கும் கவலையை வியாபாரிகள் தீர்த்துவைத்துவிட்டார்கள்.

அப்படியானால் வயது வரம்பையே எடுத்துவிடுவதா? அதுவல்ல. இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு நாடு வேறு வழியில் யோசித்திருக்கிறது. 2007 ஜனவரி 1 அன்றும் அதன் பிறகும் பிறந்த யாருக்கும், அவர்களுக்கு எத்தனை வயதானாலும், புகையிலை விற்கக் கூடாது என்று மாலத்தீவு 2025 நவம்பர் முதல் சட்டமாக்கிவிட்டது. இதே போன்ற சட்டத்தை 2022இல் இயற்றிய நியூசிலாந்து, அது நடைமுறைக்கு வருவதற்குள் ஆட்சி மாறி 2024இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாலத்தீவின் சட்டத்தில் ஒரு கோணல் இருக்கிறது. 2006 டிசம்பரில் பிறந்த அண்ணனுக்குக் கிடைப்பது 2008இல் பிறந்த தம்பிக்கு ஒருநாளும் கிடைக்காது. சமத்துவம் பேசுவோருக்கு இது நெருடும். இருந்தாலும் ஒன்றைச் சாதிக்கிறது: சிகரெட்டை வயதுக்கு வந்ததன் அடையாளமாக இருக்க விடுவதில்லை. தம்பி எத்தனை பெரியவனானாலும் அது அவனுக்குக் காத்திருக்கும் பரிசு அல்ல. பதினெட்டு வயது வரம்பைவிட இது நேர்மையான விதி.

காந்தி கதைக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. மனவுறுதி இருந்தால் போதும், மோகன்தாஸ் விடவில்லையா என்று பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் திருட்டுக் காசில் சமாளித்தது சில வாரங்கள்தான். துண்டும் தண்டும்தான் பெரும்பாலும் கிடைத்தன. நிகோடின் பிடிப்பதற்குள் தப்பியது அதிர்ஷ்டம் என்றே கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு தினமும் பிடித்த பத்தாம் வகுப்பு மாணவனை அதே தராசில் நிறுத்தி 'உனக்கு உறுதி இல்லை' என்பது அநியாயம். அது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. அந்த மாணவனுக்குத் தேவை பிரம்போ, பள்ளியிலிருந்து நீக்கமோ அல்ல. பதினைந்தாவது வயதில் காந்தி வேறொரு திருட்டை எழுத்தில் ஒப்புக்கொண்டு தகப்பனாரிடம் கொடுத்தபோது அவர் அடிக்கவில்லை; கண்ணீர் விட்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டார். அஹிம்சையின் கண்கண்ட பாடம் அது என்று மகன் பிற்பாடு எழுதினார். தண்டனைக்குப் பயந்திருந்தால் அந்தக் காகிதம் எழுதப்பட்டிருக்காது.

மறுபடி படகுத்துறைக்கு வருவோம். சிகரெட்டின் பஞ்சு பருத்தி அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். எளிதில் மக்காது. அப்படிப் பார்த்தால் வண்டூர்ப் படகுத்துறையின் விதி பெரியவர் சட்டைப்பையிலுள்ள பஞ்சு வைத்த சிகரெட்டுக்கும் பொருந்தியாக வேண்டும், பவளத்துக்கு வயது தெரியாது.

தீவுகளிலும் தமிழ்நாட்டிலும் மே 31 புகையிலை எதிர்ப்பு நாளையொட்டிப் பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பதுண்டு. பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்று கை நீட்டிச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு அந்த வரிசையில் முதலில் பெற்றோரும் ஆசிரியரும் நிற்கட்டும். பெட்டிக்கடைக்காரரையும் அழைத்து வாருங்கள். நூறு கெஜ விதி அவருக்கும் தெரிய வேண்டியதுதான். விட நினைத்தும் முடியாதவர், வயது பதினாலோ ஐம்பதோ, மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண்ணுக்குப் பேசலாம்: 1800-11-2356.